எருவையும் கழுகும்: பாலைத்திணைப் பறவைப் பெயர்களும் பாறுகளின் அழிவும்

ஆய்வுச் சுருக்கம்

பல்லுயிர்ப் பெருக்கத்தின் இன்றியமையாமையைச் சங்க இலக்கியத்தின் வழி விளக்கும் ஆய்வுகள் தமிழில் பெருகியுள்ளன. அவற்றுள் பல, பாடல்களில் இடம்பெறும் உயிரினப் பெயர்களைத் தொகுத்துப் பழந்தமிழரின் இயற்கை அறிவைப் போற்றுவதுடன் நிறைவடைகின்றன. பெயர் சுட்டும் உயிர் எது, அது இன்று எந்நிலையில் உள்ளது என்னும் வினாக்கள் விடுபடுகின்றன. இக்கட்டுரை பாலைத்திணைக்குரிய எருவை என்னும் பறவையை எடுத்துக்கொண்டு, அகநானூற்று 193ஆம் பாடலின் சித்திரிப்பை அகராதிப் பொருளோடும் பறவையியல் செய்திகளோடும் ஒப்பிடுகிறது. பழைய பாடல் வேறுபடுத்திக் காட்டிய பறவைகளைப் பிற்காலப் பொருள்கோள் ஒன்றாகக் கலந்துவிட்டது என்பதும், அழிவின் விளிம்பில் நிற்கும் பாறுகளைப் பற்றிய பொதுப் புரிதலை அக்கலப்பு இன்றும் மங்கச் செய்கிறது என்பதும் இதன் முடிபுகள்.

முக்கியச் சொற்கள்: எருவை, பாறு, கழுகு, பாலைத்திணை, கருப்பொருள், செந்தலைப் பாறு, பல்லுயிர்ப் பெருக்கம், டைக்ளோஃபினாக்.

முன்னுரை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்தில் தோன்றி வாழும் விலங்கு, மரம், புள், உணவு முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. இவ்வகைப்பாட்டில் உயிரினம் தனித்து நிற்பதில்லை; அது ஒரு நிலத்தின் உயிர். இக்காரணத்தாலேயே திணைக்கோட்பாடு சுற்றுச்சூழல் நோக்கிலான திறனாய்வுக்கு வலுவான அடித்தளமாகக் கருதப்படுகிறது. இக்கருத்தில் பிழையில்லை. ஆனால் அந்த அடித்தளத்தின் மேல் எழுப்பப்படும் ஆய்வு பெரும்பாலும் பட்டியலாகவே அமைகிறது. இத்தனை மரங்கள், இத்தனை பறவைகள், இத்தனை விலங்குகள் என எண்ணிக் காட்டி, முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று முடிக்கும் போக்கு வழக்கமாகிவிட்டது.

இப்போக்கில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, பட்டியலில் இடம்பெறும் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்பது உறுதி செய்யப்படுவதில்லை. உரையிலோ அகராதியிலோ உள்ள பொருள் அப்படியே ஏற்கப்படுகிறது. இரண்டாவது, அழகும் மணமும் உடைய உயிர்களே மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. மயிலும் மானும் காந்தளும் குறிஞ்சியும் பெறும் இடத்தைப் பிணம் தின்னும் பறவை பெறுவதில்லை. ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியப் பறவைகளுள் மிக விரைவாக அழிந்தவை இப்பறவைகளே. இலக்கிய ஆய்வு எதைக் காணாமல் விட்டதோ, அதுவே கண்முன் மறைந்திருக்கிறது. எனவே எருவை, கழுகு, பாறு ஆகிய பெயர்களின் பொருளை மீண்டும் ஆராய வேண்டிய தேவை எழுகிறது.

பாலையின் புள்

அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும் பாலைக்குரியவை. பிரிவும் பிரிவின் நிமித்தமும் அவற்றின் உரிப்பொருள். பொருள் தேடிப் பிரியும் தலைவன் கடக்க வேண்டிய சுரத்தின் கொடுமையை உணர்த்த, ஆறலை கள்வரால் கொல்லப்பட்ட வழிப்போக்கரும், அவர்தம் உடலை நாடி வரும் பறவைகளும் அப்பாடல்களில் பலகாலும் இடம்பெறுகின்றனர். பிற்கால அகப்பொருள் இலக்கணமான நம்பியகப்பொருள் பாலைக்குரிய புட்களாகப் புறா, பருந்து, எருவை, கழுகு ஆகிய நான்கைக் கூறுகிறது.

இந்நிரல் கூர்ந்து நோக்கத்தக்கது. பருந்து, எருவை, கழுகு என்னும் மூன்றும் இதில் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. மூன்றும் ஒரே பறவையின் மாற்றுப் பெயர்களாயின் நூற்பாவில் மூன்றையும் நிரல்படுத்த வேண்டியதில்லை. இலக்கண ஆசிரியர் இவற்றை மூன்று வேறு பறவைகளாகவே கொண்டார் என்பது தெளிவு. ஆனால் சொற்பொருள் கூறும் மரபு இதற்கு மாறாகச் சென்றது. எருவைக்குக் கழுகு என்றும், பாறுக்குப் பருந்து என்றும், கழுகுக்கு எருவை என்றும் ஒன்றை மற்றொன்றால் விளக்கும் வழக்கம் வேரூன்றியது. தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து என்று எருவைக்கு அகராதியில் காணப்படும் விளக்கமும் உண்டு. அவ்விளக்கம் இன்று செம்பருந்து எனப்படும் பறவைக்கு மிகப் பொருந்தும். பாடல்களில் வரும் எருவைக்கு அது பொருந்துமா என்பதே வினா.

அகநானூறு 193: ஒரு மறுவாசிப்பு

மதுரை மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 193ஆம் பாடல் இவ்வினாவுக்கு விடை தேடத் தக்க சான்று. மழையை வேண்டாது கவர்த்த வழிகளையே விளைநிலமாகக் கொண்டு வில்லை ஏராக உடைய மறவரின் வேட்டையில் அப்பாடல் தொடங்குகிறது. அவர்கள் கொன்று வீழ்த்திய களத்துக்கு எருவை வருகிறது. அதன் வாய் குருதியால் சிவந்துள்ளது. கழுத்து, பொறித்து வைத்தாற்போன்ற வெண்ணிறம் கொண்டது. செவிகள் அணிந்துகொண்டவை போலச் சிவந்து தோன்றுகின்றன. குறும்பாறையை ஒட்டி உயர்ந்த யா மரத்தின் எட்டாக் கிளையில் உள்ள தன் குஞ்சுக்கு ஊட்ட அப்பறவை விரைகிறது. அவ்விரைவில் வாயிலிருந்து நழுவி விழும் ஊன், பசியால் வாடும் முதிய நரிக்கு உணவாகிறது.

இச்சித்திரிப்பில் நிறங்கள் கூறப்படும் முறை முதன்மையானது. வாயின் சிவப்புக்குக் குருதி காரணமாகச் சொல்லப்படுகிறது. செவியின் சிவப்புக்கு அணிகலன் உவமையாகிறது. செவியும் குருதி தோய்ந்ததால் சிவந்தது என்று பொருள் கொள்ளப் பாடல் இடம் தரவில்லை. ஒட்டிய நிறமும் உடன்பிறந்த நிறமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டு வேறுபடுத்தப்பட்டுள்ளன. ஆகவே இயல்பிலேயே செவிப்புறம் சிவந்தும், கழுத்துப் பகுதியில் வெண்மை பெற்றும் உள்ள, பிணம் தின்னும், உயர்ந்த மரத்தில் கூடு கட்டும் பறவையைப் புலவர் குறிப்பிடுகிறார் எனலாம்.

தமிழ்நாட்டில் இன்று வாழும் பறவைகளோடு இவ்வடையாளங்களை ஒப்பிட்டு விலக்கு முறையில் ஆராயலாம். செம்பருந்தின் தலையும் கழுத்தும் மார்பும் வெண்மையானவை. அதன் செவிப்புறம் இறகால் மூடப்பட்டது, சிவப்பும் அன்று. வெண்முதுகுப் பாறுக்குக் கழுத்தடியில் வெண்ணிற இறகு வளையம் உண்டு. ஆனால் அதன் தலை கருமை கலந்தது. கருங்கழுத்துப் பாறுவின் தலையும் கழுத்தும் பெயருக்கேற்பக் கருமையானவை. அது பெரும்பாலும் பாறை முகடுகளில் கூடு அமைப்பது. மஞ்சள்முகப் பாறுவின் முகம் மஞ்சள், உடல் பெரிதும் வெண்மை. எஞ்சுவது செந்தலைப் பாறு. அதன் இறகற்ற தலை செந்நிறமானது. தலையின் இருபுறமும் செவி மடல் போலத் தொங்கும் சிவந்த தோல் மடிப்புகள் உள்ளன. கழுத்தின் கீழ்ப்பகுதியில் கரிய உடலினின்று பிரிந்து தெரியும் வெண்ணிறத் திட்டு உண்டு. உயர்ந்த மரங்களில் கூடு கட்டுவதும், பெருங்கூட்டமாக அன்றித் தனித்தோ இணையாகவோ காணப்படுவதும் அதன் இயல்பு. செவிகள் அணிந்தவை போல் இருந்தன என்னும் உவமை, அத்தோல் மடிப்புகளைக் கண்டவர்க்குக் கற்பனையாகத் தோன்றாது.

இப்பாடலின் எருவை செந்தலைப் பாறு என்பதே அடையாளங்கள் காட்டும் முடிவு. எனினும் சங்க இலக்கியம் முழுவதிலும் எருவை என்னும் சொல் இந்த ஓர் இனத்தையே குறித்தது என்று இதைக்கொண்டு விரித்துரைக்க இயலாது. புலவர்தோறும் நிலந்தோறும் சொல்லின் எல்லை மாறியிருக்கலாம். அகராதி தரும் செம்பருந்துப் பொருள் இப்பாடலுக்குப் பொருந்தாது என்பதும், எருவை வரும் ஒவ்வோர் இடமும் அதனதன் அடையாளங்களைக் கொண்டே ஆராயப்பட வேண்டும் என்பதும் மட்டும் உறுதி.

அச்சமும் அன்பும்

பிணம் தின்னும் பறவைகள் வரும் பாடல்களுக்கு வழக்கமாகக் கூறப்படும் திறனாய்வு விளக்கம், அவை அச்சத்தையும் இளிவரலையும் விளைவிக்கின்றன என்பது. புறப்பாடல்களிலும் பரணி நூல்களிலும் களத்தில் பருந்தும் கழுகும் நரியும் பேயும் பெறும் விருந்து, வென்ற வேந்தனின் ஆற்றலை அளக்கும் கருவியாகிறது. அங்கே பறவைக்குத் தனி வாழ்வு இல்லை. வீழ்ந்தோர் எண்ணிக்கையின் அடையாளமாகவே அது நிற்கிறது. அப்பாடல்களுக்கு மேற்கூறிய விளக்கம் போதுமானது.

அகநானூற்று 193க்கு அது போதாது. இப்பாடலின் எருவை ஊனை உண்பதாகக் காட்டப்படவில்லை. குஞ்சுக்கு எடுத்துச் செல்வதாகவே காட்டப்படுகிறது. பிரிவை எண்ணும் தலைவன் கடக்க வேண்டிய சுரத்தில் ஒரு பறவை தன் குடும்பத்தை நோக்கி விரைகிறது. இல்லத்தை விட்டு அகல நினைப்பவனுக்கு எதிரே கூட்டுக்குத் திரும்பும் பறவையை நிறுத்தியது பாலையின் உரிப்பொருளோடு இயைந்த அமைப்பு. சுரம் அச்சம் தரும் இடம் மட்டும் அன்று. அங்கும் ஈன்று புறந்தருதல் நிகழ்கிறது.

இப்பாடலில் மற்றொரு நுட்பமும் உள்ளது. மறவர் கொன்றது எருவைக்கு உணவாகிறது. எருவை தவறவிட்டது நரிக்கு உணவாகிறது. மழை பொய்த்த நிலத்தில் வில்லால் உழுதவர் விளைத்த விளைச்சல் மூன்று உயிர்களைக் கடந்து செல்கிறது. எதுவும் எஞ்சிக் கிடந்து அழுகுவதில்லை. புலவர் சூழலியல் கோட்பாடு ஒன்றை உரைக்க முற்பட்டார் என்று இதற்குப் பொருளன்று. நிலத்தைக் கண்ட கண், அங்கு நிகழ்வதை விடாமல் பதிவு செய்தது என்பதே பொருள். கருப்பொருள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதை இப்பாடல் காட்டுகிறது. பட்டியலிடும் ஆய்வு தவறவிடுவது இந்தச் சார்பையே.

தெய்வமாகிய பறவை

தமிழ் மரபு இப்பறவையை அச்சத்தோடு மட்டும் நோக்கவில்லை. கம்பராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் சீதையைக் காக்கப் போரிட்டு வீழும் சடாயுவுக்கு இராமன் தந்தைக்குரிய ஈமக்கடன்களைச் செய்கிறான். பிணம் தின்னும் குலத்துப் பறவைக்கு மனிதர்க்குரிய இறுதிச் சடங்கு கிடைப்பது காப்பியத்தின் உயர்ந்த தருணங்களுள் ஒன்று. வைத்தீசுவரன் கோயில் எனப்படும் புள்ளிருக்குவேளூரின் பெயரில் உள்ள புள் சடாயுவையே குறிப்பதாகத் தலபுராணம் கூறும்.

திருக்கழுக்குன்றம் இதற்கு வாழும் சான்றாக நெடுங்காலம் இருந்தது. அம்மலைக்கு நாள்தோறும் வந்து, அருச்சகர் அளித்த உணவை ஏற்றுச் சென்ற இரு பறவைகள் அன்பர் கூட்டத்தை ஈர்த்தன. ஊர்ப்பெயர் அவற்றைக் கழுகு என்கிறது. பறவையியல் நோக்கில் அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் பிற்பகுதியில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று. வழிபாடும் தலபுராணமும் ஊர்ப்பெயரும் எஞ்சின, பறவை எஞ்சவில்லை. புனிதம் என்னும் மதிப்பு ஓர் உயிரினத்தைக் காக்கப் போதுமானது அன்று என்பதை இக்குன்றம் உணர்த்துகிறது. பழந்தமிழர் போற்றினர், ஆகவே உயிர்கள் வாழ்ந்தன என்னும் எளிய முடிபைத் திறனாய்வு மறுபரிசீலனை செய்ய இது ஒன்றே போதும்.

அழிவின் காரணம்

இந்தியாவில் ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பாறுகள் 1990களில் திடீரெனக் குறையத் தொடங்கின. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. 1990களின் தொடக்கத்துக்கும் 2003க்கும் இடையே செந்தலைப் பாறு 91 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை ஆகிய மூன்றும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக அருகிய நிலையில் வைக்கப்பட்டுள்ளன. மஞ்சள்முகப் பாறு அதற்கு அடுத்த நிலையில் உள்ளது.

முதன்மைக் காரணம் 2004இல் வெளிப்பட்டது. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் உடலில் எஞ்சி, உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவு நிகழப் போதும் என்று கணிப்புகள் காட்டின. ஒரே சடலத்தைப் பல பறவைகள் பகிர்ந்து உண்பதே இதற்குக் காரணம். கூடி உண்ணும் இயல்பு கூட்டத்தோடு அழியும் வழியாயிற்று. மேலும் பெரும்பாலான பாறு இனங்கள் ஓர் ஈட்டில் ஒரு முட்டையே இடும். குஞ்சு முதிர்ந்து இனம் பெருக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். பல பறவைகள் ஓர் ஆண்டில் ஈடுசெய்யும் இழப்பைப் பாறு ஈடுசெய்யப் பல்லாண்டுகள் வேண்டும். ஒற்றைக் குஞ்சுக்காக விரையும் எருவையைக் காட்டிய பழம்பாடலை இச்செய்தியோடு சேர்த்துப் படிக்கையில் அதன் விரைவுக்குப் புதிய எடை கூடுகிறது.

இந்திய அரசு 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதர்க்கான பெருங்குப்பிகள் கால்நடைக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கான கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகியவை 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மாற்று மருந்து உண்டு. ஆயினும் ஒரு மருந்தைத் தடுத்தால் தீங்கான மற்றொன்று அவ்விடத்துக்கு வரும் நிலை பல்லாண்டுகள் நீடித்தது.

பாறுகள் இல்லாத நிலத்தின் விலையும் இப்போது அளக்கப்பட்டுள்ளது. ஒரு மாட்டின் உடலைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கும் பாறுக்கூட்டம் இல்லாத இடத்தில் சடலங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுற்றன. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் கூடுதல் மனித இறப்புகளுக்கு இச்சரிவு காரணமாயிற்று என்று 2024இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. பல்லுயிர்ப் பெருக்கம் என்பது காட்டின் அழகு பற்றிய பேச்சு அன்று. ஓர் இனம் செய்த பணி நின்றால் அதன் சுமை மனிதர் மேல் வந்து விழும் என்பதற்கு இதனினும் வலிய சான்று அரிது.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்று நீலகிரியின் சீகூர் மேட்டுநிலம், மோயாறு பள்ளத்தாக்கு, முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய பகுதிகளில் எஞ்சியுள்ளன. அண்டை மாநிலங்களான கேரளம், கர்நாடகத்தின் தொடர்காடுகளையும் சேர்த்தே அவற்றின் எண்ணிக்கை சில நூறு என்ற அளவில் நிற்கிறது. மோயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கால்நடையைக் கொன்ற புலி, சிறுத்தைகளைப் பழிவாங்கச் சடலத்தில் நஞ்சு வைக்கும் வழக்கம் அங்கு எஞ்சிய பறவைகளுக்கும் அச்சுறுத்தலாக உள்ளது.

பெயரின் பொறுப்பு

இங்குப் பெயர்ச் சிக்கல் நடைமுறைச் சிக்கலாகிறது. இன்றைய எழுத்து வழக்கில் கழுகு என்பது உயிருள்ள இரையை வேட்டையாடும் பறவையையும் குறிக்கிறது. இறந்ததை மட்டும் நாடும் பறவையையும் குறிக்கிறது. கூர்மைக்கு உவமையாகக் கழுகுப் பார்வை என்பர். பிறர் துயரில் ஆதாயம் தேடுவோரைப் பிணந்தின்னிக் கழுகு என்று வைவர். முன்னதன் பெருமையும் பின்னதன் இழிவும் ஒரே சொல்லில் தங்குகின்றன. கழுகு வானில் பறப்பதைக் காணும் ஒருவருக்குக் கழுகு அழிகிறது என்ற செய்தி நம்பத்தகாததாகிறது; பிணந்தின்னி அழிந்தால் இழப்பென்ன என்ற எண்ணமும் எளிதில் எழுகிறது. ஒரு மேய்ப்பரிடமோ கால்நடை மருந்தகத்திலோ பாதுகாப்புச் செய்தியைக் கொண்டு செல்வோருக்கு இம்மயக்கம் முதல் தடையாகிறது.

பறவை ஆர்வலரும் வனத்துறையினரும் பாறு என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்து வழங்குவது இச்சூழலில் பொருத்தமான முயற்சி. புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை எழவில்லை. மொழியில் இருந்ததை அதன் இடத்தில் வைத்தால் போதுமாயிற்று. பாறு கழுகு என்னும் கூட்டுச்சொல் மக்கள் அறிந்த பெயரையும் விடாமல் வேறுபாட்டையும் உணர்த்துகிறது. இம்முயற்சிக்குத் தமிழாய்வு துணைநிற்க வேண்டிய இடங்கள் உள்ளன. சங்க இலக்கியப் பதிப்புகளின் சொற்பொருட் குறிப்புகளில் எருவை, கழுகு, பருந்து ஆகியவை ஒன்றுக்கொன்று பொருளாகத் தரப்படாமல் பாடலின் அடையாளங்களோடு விளக்கப்பட வேண்டும். பாடநூல்கள் பாலையின் கருப்பொருளைக் கற்பிக்கும்போது அப்பறவைகளின் இன்றைய நிலையையும் கூற வேண்டும். தமிழாய்வாளரும் பறவையியலாளரும் இணைந்து பெயர்களை ஆராயும்போதே இவை இயலும்; நூல்களை மட்டும் கொண்டோ களத்தை மட்டும் கொண்டோ இயலா.

முடிவுரை

பாலைத்திணைப் பாடல் ஒன்று செவியின் சிவப்பையும் வாயின் சிவப்பையும் வேறாகக் கண்டது. அகப்பொருள் இலக்கணம் மூன்று பறவைகளை மூன்றாகவே எண்ணியது. பின்வந்த பொருள்கோள் அவ்வேறுபாட்டைக் காக்கவில்லை. பெயர் மயங்கியதால் பறவைகள் அழிந்தன என்று கூறுவது மிகை. அவற்றை அழித்தது மருந்து. ஆனால் அவை அழிந்தபோது எது அழிகிறது என்று தமிழ்ச் சமூகம் தெளிவாகச் சொல்ல இயலாமல் போனதற்குப் பெயர் மயக்கமும் ஒரு காரணம்.

பல்லுயிர்ப் பெருக்கம் குறித்த இலக்கியத் திறனாய்வு, முன்னோரின் பெருமையை நிறுவுவதோடு நின்றால் அது கடந்த காலத்துக்கு மட்டுமே பயன்படும். பாடலில் உள்ள உயிரை அடையாளம் கண்டு, அதன் நிலத்தையும் உணவையும் பகையையும் தொடர்ந்து சென்று ஆராயும்போது அது நிகழ்காலத்துக்கும் பயன்படும். அகநானூற்றுப் புலவர் யா மரத்தின் உயர்கிளையில் ஒரு குஞ்சைக் கண்டார். மோயாற்றங்கரை மரங்களில் இன்றும் ஆண்டுக்கு ஒன்றாகப் பாறுக் குஞ்சுகள் வளர்கின்றன. அவற்றுக்கு ஊட்டப்படும் இறைச்சியில் நஞ்சு இல்லாதிருக்க வேண்டும் என்பதே இவ்வாய்வு வந்தடையும் இடம்.